மூஞ்சிப் பூ

குளிர்மேட்டுப் பூங்காவின் நாற்றங்காலில், பங்குனி மாதம் கடைசி வாரம், நிழல்வலைக்குக் கீழே மூன்றாம் வரிசையில் வைத்திருந்த நானூறு தொட்டியும் ஒரே காலையில் பூத்தன. பூத்தது சந்தோஷம்தான், ஆனால் நானூறு தொட்டிப் பூவும் பவளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பூத்தன. அவள் பூவாளியைத் தூக்கிக்கொண்டு கிழக்குப் பக்கமாகப் போனால் அவை மேற்கே பார்த்தன, மேற்கே சுற்றி வந்தால் காம்பை மெதுவாக முறுக்கிக் கிழக்கே திரும்பிக்கொண்டன, சரி, நடுவிலே போய் நின்றுதான் பார்ப்போமே என்று வரிசைக்குள் புகுந்து நின்றால் அவளைச் சுற்றி நாலு பக்கமும் வெளியே பார்த்து நின்றன. அவள் கண்ணுக்குக் கிடைத்ததெல்லாம் வளைந்த காம்பும், இதழ்களின் வெளுத்த பின்புறமும், அதற்குக் கீழே வால் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு சின்ன முனையும்தான்.

தொட்டியில் குத்தியிருக்கிற அட்டையில் பான்சி என்று எழுதியிருக்கும், அதற்குத் தங்கச்சி மாதிரி இருக்கிற பொடிப் பூவுக்கு வயோலா என்று எழுதியிருக்கும். அங்கே வேலை பார்க்கிற பெண்கள் யாரும் அப்படிச் சொல்வது கிடையாது. பெரியது மூஞ்சிப் பூ, சிறியது சின்ன மூஞ்சி. இரண்டு கண், உப்பிய கன்னம், நடுவில் கறுப்பாக மீசை, ஒன்று முறைக்கும், ஒன்று தூங்கி எழுந்த பிள்ளை மாதிரி விழிக்கும், ஒன்று ஏதோ சொல்ல வந்து வாயை மூடிக்கொண்ட மாதிரி இருக்கும். முகம் இருக்கிற பூ என்பதால்தான் இத்தனை தொல்லையும். பக்கத்து வரிசையில் சால்வியாவும் பெட்டூனியாவும் எப்போதும் போல நின்றன. மூஞ்சி இல்லாதது எதைத் திருப்பும்?

மண் கலந்துகொண்டிருந்த ராக்கு தலையைத் தூக்கிப் பார்த்தாள். பவளத்தைவிட ஏழெட்டு வயது மூத்தவள், தொழிலாளர் லைன் வீட்டில் அடுத்த கதவுக்காரி, வாய் மட்டும் சும்மா இருக்காது.

"என்ன பவளம், நீ வளத்த பூவு உனக்கே முகம் குடுக்க மாட்டேங்குது?" என்றாள்.

"அதான் தெரியலக்கா."

"தெரியாம என்ன. நீ சொன்னதத்தான் செய்யுது" என்று சொல்லிவிட்டு ராக்கு மறுபடி மண்ணுக்குள் கையை விட்டாள். அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை, வேறு யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் காரணம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அதிசயப்படுகிற வழக்கமும் அந்த ஊருக்குக் கிடையாது. அடுப்படிக்குள் மேகம் வந்து உட்கார்ந்துகொள்ளும், எதிரே நிற்கிற கோயில் காலையில் இருக்கும், பத்து மணிக்கு இருக்காது, சாயங்காலம் மறுபடி இருக்கும். அப்படிப்பட்ட ஊரில் நானூறு பூ திரும்பிக்கொண்டால் யார் வாயைப் பிளப்பார்கள்?

காரணம் இதுதான். பவளத்தின் புருஷன் இறந்தபோது மகள் நிரோஷாவுக்கு ஆறு வயது. அன்றிலிருந்து தாங்கியது பவளத்தின் அண்ணன் முத்துராசு. இரண்டு மலை தள்ளியிருக்கிற எஸ்டேட்டிலிருந்து மாதா மாதம் அரிசி மூட்டையைத் தோளில் சுமந்து வந்து இறக்கிவிட்டு, ஒரு டம்ளர் டீயைக் குடித்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போகிற மனுஷன். அந்த மனுஷன் வாயைத் திறந்து ஒரே ஒரு தடவை கேட்டது, தன் மகனுக்கு நிரோஷாவைத்தான். பவளம் யோசிக்கவேயில்லை. தை மாதம் நிச்சயம் என்று நாள் குறித்தாயிற்று, தட்டு வாங்கியாயிற்று, லைன் முழுக்கச் சொல்லியாயிற்று. நிச்சயத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது நிரோஷா, நாற்றங்காலுக்கு நிழல்வலை கட்ட மேட்டுப்பாளையத்திலிருந்து வந்து இருபது நாள் பந்தல் குழாய் மேலேயே குடியிருந்த ஆரோக்கியத்தோடு கீழே இறங்கிப் போய், கல்யாணம் முடித்துக்கொண்டாள். முத்துராசு வந்தார். வாசலில் நின்றார். டீ குடிக்கவில்லை. போனவர் போனவர்தான்.

எட்டாம் நாள் நிரோஷா தனியாக நாற்றங்காலுக்கு வந்தாள். பவளம் விதைப்பு மேசையில் உட்கார்ந்து மூஞ்சிப் பூ விதைத்துக்கொண்டிருந்தாள். அது பொறுமைக்காரர்கள் வேலை. விதை கடுகில் பாதிகூட இருக்காது, கையால் எடுக்க வராது; தீக்குச்சி முனையை நாக்கில் தொட்டு ஈரப்படுத்தி, அதில் ஒரு விதையை ஒட்ட வைத்து, குழித்தட்டில் ஒரு குழிக்கு ஒன்றாக இறக்க வேண்டும். நிரோஷா பின்னால் வந்து நின்று "அம்மா" என்றாள். பவளம் திரும்பவில்லை. திரும்பினால் அழுதுவிடுவோம், அழுதால் கட்டிக்கொள்வோம், கட்டிக்கொண்டால் அண்ணனுக்கு என்ன பதில் என்று நெஞ்சுக்குள் என்னென்னவோ ஓடியது. குனிந்த தலை குனிந்தபடி, தட்டைப் பார்த்துக்கொண்டே, ஒரு குழிக்கு ஒரு விதையாகப் போட்டுக்கொண்டே சொன்னாள்:

"இனிமே என் மூஞ்சியில முழிக்காத. நான் செத்தாக்கூட வந்து முழிக்காத."

சொல்ல வேண்டியதை ஆளைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். விதையைப் பார்த்துச் சொன்னாள், அங்கேதான் பிசகிப் போனது. சொல்லி முடித்துத் தட்டின் மேல் தென்னைநார்த் தூளைத் தூவினாள், இருட்டில்தான் முளைக்கும் என்பதால் கறுப்புத் தாளால் இறுக்கி மூடினாள், சொன்ன சொல்லையும் உள்ளேயே வைத்து மூடினாள். அவள் திரும்பிப் பார்த்தபோது பின்னால் யாரும் இல்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய், சுவரில் இருந்த மகளின் ஒரே படத்தை, பள்ளிக்கூடத்தில் எடுத்ததை, கழற்றி வெந்நீர் அடுப்பில் போட்டாள். கோபத்தில் செய்த காரியங்களில் அதைத்தான் பிறகு மிக அதிகமாக நினைத்து நினைத்துச் செத்தாள்.

ஏன் என்றால், மகளின் முகம் அவளுக்கு மறக்க ஆரம்பித்தது. கடைசியாகப் பார்த்தது ஓடிப்போன அன்றைக்குக் காலையில், குழாயடியில், வாய் நிறையப் பல்பொடி நுரையோடு. புருவத்தில் ஒரு தழும்பு உண்டு, சின்ன வயதில் அம்மிக்கல்லில் விழுந்தது, அது வலது புருவமா இடது புருவமா என்று ஒருநாள் அடுப்பு ஊதும்போது சந்தேகம் வந்தது, அன்று முழுக்க யோசித்தும் பிடிபடவில்லை. நுரை நினைவில் இருந்தது, நுரைக்கு மேலே இருந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்துகொண்டிருந்தது. அந்த முகத்தை ஒரே ஒரு தடவை மறுபடி பார்த்துவிட வேண்டும், பவளத்துக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். ஆனால் கீழே போய்க் கதவைத் தட்ட அவளுக்கு வீம்பு விடவில்லை, வீம்பு கொஞ்சம் இறங்கியபோது வெட்கம் விடவில்லை.

பூக்களிடம் பேசிப் பார்த்தாள். "உங்களச் சொல்லல, கண்ணுகளா. அவளச் சொன்னேன். அவளையும் சும்மா வாய்க்குத்தான் சொன்னேன்." பூக்கள் கேட்டுக்கொண்டன, திரும்பவில்லை. நல்ல பிள்ளைகளிடம் இருக்கிற கஷ்டம் அது, முதலில் சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். ராக்கு உப்பு மிளகாய் சுற்றிப் போட்டாள். புது விதை வாங்கி வேறு ஆளை விட்டு விதைத்துப் பார்த்தார்கள், பழைய வரிசையைப் பார்த்துப் புது வரிசையும் கற்றுக்கொண்டது. சின்ன மூஞ்சி இருக்கிறதே, அது இன்னும் மோசம். காய் முற்றினால் மூன்றாகப் பிளந்து விதையைத் தானே சுண்டி எறிகிற சாதி, எறிந்தது எங்கெங்கோ ஒட்டிக்கொண்டு போய், பூங்காப் படிக்கட்டுச் சந்தில், டீக்கடைத் தகரத்தடியில், கடைசியில் லைன் வீட்டுச் சாக்கடை ஓரத்தில் வந்து முளைத்து, மஞ்சளும் ஊதாவுமாக, பவளத்தின் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பூத்தது.

கண்ணாடி யோசனை ராக்குவுடையதுதான். "நீ பூவப் பாக்காத. நீ கண்ணாடியப் பாரு. கண்ணாடி பூவப் பாக்கட்டும். இதுல என்ன தப்பு வந்துரும்?" என்று தன் மருமகன் சவரம் பண்ணுகிற வட்டக் கண்ணாடியைக் கொண்டுவந்தாள். பவளம் வரிசைக்கு முதுகு காட்டி நின்று, தோளுக்கு மேலே கண்ணாடியைப் பிடித்து, உள்ளே பார்த்தாள். ஐயோ, பார்த்தாள்! ஊதாவில் மஞ்சள் கண் வைத்தது, வெள்ளையில் மீசை வைத்தது, செங்கல் நிறத்தில் கன்னம் உப்பியது, எல்லாம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. "நல்லா இருக்கீங்களாடீ" என்று கேட்டு, கண்ணில் தண்ணீர் வந்து, அந்தத் தண்ணீரைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். மதியச் சாப்பாட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள், கண்ணாடிக்குள் தெரிந்த அத்தனை தொட்டியும், சரியாக எழுபத்திரண்டு, பூ கருகி, தண்டு கூழாகி, வேரோடு படுத்துவிட்டது. தெரியாத தொட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. போனில் படம் பிடித்துக் காட்டிய மூன்று தொட்டிக்கும் அதே கதி. மூஞ்சியில் முழிக்காதே என்றால் முழிக்கக் கூடாது, அதற்குக் குறுக்கு வழி கிடையாது என்று எல்லோருக்கும் புரிந்துபோனது, ராக்கு கண்ணாடியைச் சேலைக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு ஊர் அதை எடுத்து வேறு சாமான்களோடு சாமானாக வைத்துக்கொண்டது. பவளம் வீட்டில் இருக்கிறாளா இல்லையா என்று கதவைத் தட்டிப் பார்ப்பதை லைன்காரர்கள் விட்டுவிட்டார்கள். சாக்கடை ஓரத்துச் சின்ன மூஞ்சிகள் கதவுக்கு முதுகு காட்டினால் இருக்கிறாள், கண்டபடி பார்த்துக்கொண்டிருந்தால் வெளியே போயிருக்கிறாள். மேஸ்திரி போஜன் ஆபீஸ் ஜன்னலிலிருந்தே பூ எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனித்து, அதற்கு எதிர்ப் பக்கமாகக் குரல் கொடுப்பார். நாற்றங்காலில் பெண்கள் பிள்ளைகளைத் திட்டுவது நின்றது. திட்டியே ஆக வேண்டும் என்றால் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து, செடி கொடி இல்லாத தார் ரோட்டுக்குக் கொண்டுபோய்த் திட்டினார்கள். அதெல்லாம் வேடிக்கை. வேடிக்கையில்லாததும் இருந்தது. பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் பவளத்தைக் கூப்பிடுவதில்லை. பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போனால், "பிள்ள இப்பத்தான் தூங்குது" என்று துணியை முகத்துக்கு மேலே இழுத்து விடுவார்கள். பூவே முகம் கொடுக்காத பொம்பளைக்கு மனுஷர்கள் கொடுத்து என்னத்துக்கு என்று நினைத்தார்களோ என்னவோ.

வேலை மட்டும் போகவில்லை, அதற்கு அவளுடைய கைதான் காரணம். வாடின பூவை உடனே கிள்ளிவிட வேண்டும். விட்டுவிட்டால் செடி காய் வைத்து, என் கடமை முடிந்தது என்று பூக்கிறதை நிறுத்திக்கொள்ளும். மற்றவர்கள் முகத்தைப் பார்த்து வாட்டம் கண்டுபிடிப்பார்கள். பவளம் முதுகைப் பார்த்துக் கண்டுபிடிக்கப் பழகினாள். காம்பின் வளைவு தளர்ந்திருக்கிறதா, வால்முனை சுருங்கியிருக்கிறதா, இதழின் பின்பக்க நரம்பு தடித்திருக்கிறதா என்று பார்த்தே, நாளைக்கு வாடப்போகிறதை இன்றைக்கே சொல்லிவிடுவாள். முகத்துக்கு இல்லாத ஒரு யோக்கியம் முதுகுக்கு உண்டு, அதற்குப் பொய் சொல்ல வராது என்று ஒருமுறை ராக்குவிடம் சொன்னாள்.

மே மாதம் மலர்க் கண்காட்சி வந்தபோதுதான் பூங்கா அதிகாரிக்கு அந்த யோசனை உதித்தது. பத்தாயிரம் தொட்டியைப் படிப்படியாகக் காட்சி மாடத்தில் அடுக்கி, ஒவ்வொன்றையும் கையால் திருப்பி, எல்லா முகமும் சனங்களைப் பார்க்கும்படி வைக்க வருஷா வருஷம் இருபது பேருக்கு இரண்டு நாள் ஆகும், மறுநாளே வெயிலைத் தேடி ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்ளும். இந்த வருஷம் அந்தச் சிரமமே வேண்டாம். மாடத்துக்குப் பின்னால், தார்பாய் மறைப்பில், ஒரு நாற்காலி போட்டுப் பவளத்தை உட்கார வைத்தார்கள்.

"அசையாம இருந்தா போதும் பவளம்மா" என்றார் போஜன். அவர் முகத்தில் சங்கடம் இருந்தது. "டீ நானே கொண்டாந்து தர்றேன்."

காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரைக்கும், ஐந்து நாளும், அவள் அங்கே உட்கார்ந்திருந்தாள். பத்தாயிரம் பூவும் அவளுக்கு முதுகைக் காட்டிச் சனங்களுக்கு முகத்தைக் காட்டின, ஒரு பூ பிசகவில்லை. தார்பாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து, "ஏங்க, எல்லாப் பூவும் நம்மளையே பாக்குதுங்க" என்று குரல்கள் வந்துகொண்டே இருந்தன. எப்படி என்று கேட்டவர்களிடம் அதிகாரி விசேஷப் பராமரிப்பு என்றார். கோப்பை கிடைத்தது. அடுத்த வருஷமும் உட்கார வைத்தார்கள், அடுத்த வருஷமும் கிடைத்தது. கோப்பையோடு எடுத்த படத்தில் பவளம் இல்லை, இருந்திருந்தால் பின்னால் இருக்கிற பூவெல்லாம் படம் பிடிக்கிறவனுக்கு முதுகைக் காட்டி நின்றிருக்கும்.

மூன்றாம் வருஷம், இரண்டாம் நாள், பதினோரு மணி இருக்கும். நடுவர்கள் மூன்று பேர் மாடத்துக்கு முன்னால் நின்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்த நேரம். சனச் சத்தத்துக்கு நடுவில், தார்பாய்க்கு நேர் எதிரில், ஒரு குரல் யாரிடமோ சொன்னது:

"இதெல்லாம் எங்கம்மா வளத்தது."

பவளத்தின் கையிலிருந்த டீ மடியில் கொட்டியது. நிரோஷாவின் குரல்தான். முகம் மறந்தாலும் குரல் மறக்கவில்லை, 'எங்கம்மா' என்பதில் அந்த ம்-மைக் கொஞ்சம் அழுத்துகிற அதே குரல். தனக்கும் மகளுக்கும் நடுவில் பதினாறு படி பூ இருக்கிறது, பத்தாயிரம் முகமும் மகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, தனக்கு மட்டும் பத்தாயிரம் முதுகு. எழுந்தால் பூ திரும்பிவிடும், திரும்பினால் கோப்பை போய்விடும், அதிகாரி கத்துவார். இதையெல்லாம் நினைக்க எவ்வளவு நேரம் ஆகும், நாலு மூச்சு ஆகும். அந்த நாலு மூச்சு நேரம் உட்கார்ந்திருந்ததற்காக அவள் தன்னையே பிறகு எவ்வளவோ ஏசிக்கொண்டாள். ஐந்தாவது மூச்சில் தார்பாயைக் கிழித்த மாதிரி விலக்கிக்கொண்டு மாடத்தைச் சுற்றி ஓடினாள். அவள் ஓட ஓட, பத்தாயிரம் காம்பும் முறுகுகிற சத்தம், மழை தூறுகிற மாதிரி, சனங்கள் எல்லோருக்கும் கேட்டது; நடுவர்களின் கண்ணெதிரே மாடம் முழுவதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெறும் தார்பாயைப் பார்த்து நின்றது.

நீலச் சுடிதாரில் நிரோஷா கூட்டத்துக்குள் போய்க்கொண்டிருந்தாள். முதுகுதான் தெரிந்தது. பின்னல் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது; தானாகப் பின்னிக்கொள்ள அவளுக்கு எப்போதும் வராது.

"நிரோசா!"

அவள் நின்றாள். தோள் இரண்டும் மேலே ஏறி இறங்கியது. திரும்பவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு நடந்தாள், கூட்டம் மூடிக்கொண்டது.

"நின்னாக்கா. நான் கூப்பிட்டேன், நின்னா. ஆனா திரும்பல" என்று அன்று முழுக்க ராக்குவிடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பின்ன? நீ சொன்ன வார்த்த அப்படி. கோவம் லேசுல போயிருமா?" என்றாள் ராக்கு. சொல்லிக்கொண்டே பவளத்தின் சேலையில் கொட்டிய டீக் கறையைத் துடைத்துவிட்டாள்.

கோப்பை போயிற்று. அதிகாரி பவளத்தை ஆபீசுக்குக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் பேசினார், அவள் காதில் ஒன்றும் விழவில்லை. ஆனி மாதக் காற்றில் நிழல்வலை நாலு இடத்தில் கிழிந்தது, அதைத் தைக்க ஆரோக்கியம் வந்தான். மூன்று வருஷமாக அவன் வந்தால் அவள் லீவு போட்டுவிடுவாள், அவனும் தெரிந்துகொண்டு அந்தப் பக்கம் தலைகாட்ட மாட்டான். இந்த முறை அவள் லீவு போடவில்லை. ஏணிக்குக் கீழே போய் நின்றாள். அவன் பதறி இறங்கினான், கையில் ஊசியும் நூலும்.

"அத்தை" என்றான்.

பவளத்துக்கு எத்தனையோ கேட்க வேண்டியிருந்தது. வாயில் வந்தது, "அவளுக்குத் தழும்பு எந்தப் புருவத்துல?"

அவன் விழித்தான். பிறகு தன் புருவத்தைத் தொட்டு, "எனக்கு நேரா நிக்கும்போது இந்தப் பக்கம்... அப்ப அவளுக்கு அந்தப் பக்கம்... இருங்க அத்தை" என்று கையை அங்கும் இங்கும் மாற்றிக் குழம்பினான். அவள் சிரித்தாள், அவனும் சிரித்தான். ஏணியில் ஏறப்போனவன் திரும்பி நின்று சொன்னான்: "ஒரு தடவ வீட்டுக்கு வாங்க அத்தை. நான் சொன்னா நம்ப மாட்டீங்க. வந்து பாருங்க."

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் பவளம் இறங்கினாள். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றாக இறங்க இறங்கக் குளிர் விட்டது, காது அடைத்தது, கடைசி வளைவுக்குக் கீழே பாக்குத் தோப்பு வந்ததும் மூஞ்சிப் பூ முளைக்கவே முளைக்காத வெக்கை ஆரம்பித்தது. இங்கே எனக்கு முதுகைக் காட்ட ஒரு பூவும் கிடையாது என்று நினைத்தபோது அவளுக்கு மூன்று வருஷத்தில் முதல் தடவையாக மூச்சு லேசானது. மேட்டுப்பாளையத்தில் ஆரோக்கியம் பஸ் ஸ்டாண்டில் வந்து நின்று கூட்டிக்கொண்டு போனான். ஓட்டு வீடு, ஒற்றை அறை, ஓரத்தில் அடுப்பு. அடுப்புக்கு முன்னால் நிரோஷா நின்றிருந்தாள், வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

"வாம்மா" என்றாள். குரலில் கோபம் இல்லை, ஒரு துளிகூட இல்லை. "உக்காரு. டீ போடறேன்."

திரும்பாமலே டீ போட்டாள். டம்ளரைப் பின்பக்கமாகக் கையை நீட்டிக் கொடுத்தாள். பவளம் வாங்கிக் கீழே வைத்துவிட்டு எழுந்து அவளைச் சுற்றி முன்னால் போனாள். நிரோஷா திரும்பிக்கொண்டாள். பவளம் இந்தப் பக்கம் வந்தாள். நிரோஷா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கால் அசையவில்லை, இடுப்பு முறுக்கவில்லை, காம்பு மாதிரி கழுத்து மெதுவாகத் திரும்பி, உடம்பு அதன் பின்னால் போனது. அதைப் பார்த்த நொடியில் பவளத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மூன்று வருஷமாகத் தினமும் பார்க்கிற திரும்பலல்லவா அது.

"நானா திரும்பலம்மா" என்று நிரோஷா அழுதாள். "சத்தியமா நானா திரும்பல. எந்த ரூம்ல உக்காந்தாலும் மலைக்கு முதுகு காட்டித்தான் உக்கார வருது. அன்னிக்குப் பூங்காவுல நீ கூப்பிட்டப்ப திரும்பணும்னுதான் நின்னேன். கழுத்து வரல."

பவளம் அவள் முதுகில் ஓங்கி அடித்தாள். அடித்த கையாலேயே தடவினாள். "அடிப்பாவி! பொறந்ததிலருந்து நான் சொன்ன ஒரு பேச்சையாவது கேட்டிருப்பியாடி? படின்னேன், கேட்டியா? மழையில நனையாதன்னேன், கேட்டியா? மாமன் மகனக் கட்டிக்கன்னேன், கேட்டியா? இத மட்டும் ஏன்டி கேட்ட?"

வாசலில் நின்ற ஆரோக்கியத்துக்குப் பொறுக்கவில்லை. சுவரில் ஆணியில் மாட்டியிருந்த முகம் பார்க்கிற கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு ஓடிவந்து, நிரோஷாவுக்கு எதிரில் தூக்கிப் பிடிக்கப் போனான். "அத்தை, இதுல பாருங்க! இதுல தெரியும்! நான் இத்தன நாளா யோசிச்சு வச்சிருந்தேன்!"

கண்ணாடி மேலே வந்துகொண்டிருந்தது. ஒரு ஓரத்தில் நிரோஷாவின் காதும், காதோரத்து முடியும், அதற்கு மேலே ஏதோ தழும்பு மாதிரி ஒரு கோடும் தெரியத் தெரிய, பவளம் இரண்டு கையாலும் தன் கண்ணைப் பொத்திக்கொண்டு அலறினாள்.

"வேண்டாம்! திருப்புடா அத! சுவத்துப் பக்கம் திருப்பு!"

அவன் பயந்துபோய்த் திருப்பினான். "இன்னுமா அத்தை அவ முகத்தப் பாக்க மாட்டேங்கறீங்க?" என்று கேட்டான். பவளம் கண்ணைப் பொத்தியபடியே, அது சுவரில் மாட்டியாகிவிட்டதா, பின்பக்கம்தான் தெரிகிறதா என்று இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்ட பிறகுதான் கையை எடுத்தாள். எடுத்து, எழுபத்திரண்டு தொட்டியின் கதையைச் சொன்னாள். ஆரோக்கியம் கண்ணாடியை ஆணியிலிருந்து மறுபடி கழற்றி, துணியில் சுற்றி, கட்டிலுக்கு அடியில் தள்ளினான். போனையும் எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டினான்.

 அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, அதை யாரும் இறக்கவில்லை.

"அப்ப நீ என்னப் பாக்கவே முடியாதாம்மா?" என்றாள் நிரோஷா.

பவளம் மகளின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்துக்குக் கீழே வேர்க்குரு, வலது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, தண்ணீர் தூக்குகிறாள் போலிருக்கிறது, எலும்பு முன்னைவிடத் துருத்துகிறது, சரியாகச் சாப்பிடுவதில்லை. இடுப்பில் கை வைத்து நிற்கிறாள், பிள்ளைத்தாச்சிகள் நிற்கிற நிற்பு அது என்று பவளத்துக்குத் தெரியும், இன்னும் ஆரோக்கியத்துக்கே தெரியுமோ தெரியாதோ. பின்னல் கோணலாகத் தொங்குகிறது.

"சீப்ப எடுத்துக்கிட்டு வந்து உக்காரு" என்றாள்.

நிரோஷா சீப்பைப் பின்பக்கமாக நீட்டிவிட்டு அவள் காலடியில் உட்கார்ந்தாள். ஆறு வயதிலிருந்து இருபத்திரண்டு வயது வரைக்கும் தினம் காலையில் உட்கார்ந்த மாதிரியே உட்கார்ந்தாள். பவளம் கோணல் பின்னலை அவிழ்த்து, சிக்கெடுத்து, எண்ணெய் வைத்து, வகிடு எடுத்து, மூன்று காலாகப் பிரித்து, இறுக்காமல் தளர்த்தாமல் நுனி வரைக்கும் பின்னி, ரப்பர் போட்டு முடித்தாள். வாசலில் நின்ற ஆரோக்கியம் கடிகாரத்தைப் பார்த்து, மேலே போகிற பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி நேரம்தான் இருக்கிறது என்றான். பவளம் சரி என்று தலையாட்டிவிட்டு, போட்ட ரப்பரைக் கழற்றி, பின்னலை நுனியிலிருந்து அவிழ்த்து, மறுபடி முதலிலிருந்து சிக்கெடுக்க ஆரம்பித்தாள்.